அலெக்சாண்ட்ரியா நூலகத்தை எரித்தது யார்? 700 ஆண்டு வழக்கில் குற்றவாளி ஒருவரா?

‘உலகத்தின் மொத்த அறிவும் ஒரே இரவில் சாம்பலானது.’ சோகமான பின்னணி இசை, ஏஐ வரைந்த தீப்பிழம்புகள், கருகும் சுருள்கள். அலெக்சாண்ட்ரியா நூலகம் பற்றிய ரீல்ஸ் ஒன்றாவது உங்கள் டைம்லைனில் வந்திருக்கும். கடைசி ஸ்லைடில் ஒரு வில்லனும் இருப்பார். ஒரு வீடியோவில் அது ஜூலியஸ் சீசர். இன்னொன்றில் கிறிஸ்தவ கும்பல். வாட்ஸ்அப் ஃபார்வர்டு என்றால் பெரும்பாலும் கலீஃபா உமர். யார் பகிர்கிறார்களோ, அவர்களுக்குப் பிடிக்காதவர் கையில் தீப்பந்தம் இருக்கும்.

மூன்று பேருக்கும் இடையே கிட்டத்தட்ட 700 ஆண்டுகள் இடைவெளி. ஒரே நூலகத்தை மூன்று முறை எப்படி எரிக்க முடியும்?

விடை தேட, எகிப்தின் மத்தியதரைக் கடற்கரையில் இருக்கும் அந்த நகரம் எப்படி உருவானது என்பதில் இருந்து ஆரம்பிக்க வேண்டும். ஏன்னா, அந்த நூலகத்தின் பிறப்பிலேயே அதன் முடிவுக்கான காரணமும் இருக்கிறது.

மாவில் வரைந்த நகரம்

கி.மு. 331. பாரசீகர்களிடம் இருந்து எகிப்தைக் கைப்பற்றியிருந்த அலெக்சாண்டர், கடலுக்கும் மரியோடிஸ் ஏரிக்கும் நடுவே ஒரு நிலத்துண்டைப் பார்க்கிறார். எதிரே ஃபேரோஸ் என்ற சின்னத் தீவு. பக்கத்தில் ராகோடிஸ் என்ற எகிப்திய ஊர். துறைமுகத்துக்கு ஏற்ற இடம். இங்கேதான் தன் பெயரில் நகரம் என்று முடிவு செய்கிறார்.

தெருக்களைத் தரையில் குறிக்க சுண்ணக்கட்டி போதவில்லை. படைவீரர்களுக்கான பார்லி மாவைத் தூவி கோடு போட்டார்களாம். உடனே ஏரியில் இருந்து பறவைக்கூட்டம் வந்து மொத்த மாவையும் தின்றுவிட்டது. அலெக்சாண்டருக்கு முகம் வாடிவிட்டது. குறி சொல்பவர்கள் சமாளித்தார்கள்: ‘இந்த நகரம் பல தேசத்து மக்களுக்குச் சோறு போடும்.’ புளூட்டார்க் சொல்லும் கதை இது. நிஜமோ இல்லையோ, அந்த ஜோசியம் பலித்தது.

அலெக்சாண்டர் மட்டும் அதைப் பார்க்கவில்லை. சில மாதங்களிலேயே கிழக்கே படையெடுத்துப் போனார். கி.மு. 323-ல் பாபிலோனில் இறந்தார். தன் பெயர் கொண்ட நகரத்துக்கு அவர் திரும்பியது சடலமாகத்தான். அதுவும் கடத்தப்பட்ட சடலமாக.

ஒரு சடலம், ஒரு நூலகம்

அலெக்சாண்டர் இறந்ததும் அவருடைய தளபதிகள் பேரரசைப் பங்கு போட்டார்கள். எகிப்து தாலமி என்ற தளபதியிடம் வந்தது. மாசிடோனியாவுக்குப் போய்க்கொண்டிருந்த இறுதி ஊர்வலத்தை வழியிலேயே மடக்கி, உடலை எகிப்துக்குக் கொண்டுவந்தார் அவர். முதலில் மெம்ஃபிஸ் நகரில் வைக்கப்பட்ட உடல் பிறகு அலெக்சாண்ட்ரியாவுக்கு மாற்றப்பட்டது. ‘உண்மையான வாரிசு நான்தான்’ என்று சொல்லாமல் சொல்லும் வேலை.

தாலமி வம்சத்துக்கு ஒரு சிக்கல் இருந்தது. அவர்கள் வெளியாட்கள். 3,000 ஆண்டு நாகரிகம் கொண்ட நாட்டை, அந்த நாட்டு மொழி தெரியாமல் ஆண்டார்கள். வம்சத்தின் கடைசி அரசியான ஏழாம் கிளியோபாட்ராதான் எகிப்திய மொழி கற்ற முதல் ஆள் என்கிறார் புளூட்டார்க். ஏறக்குறைய 300 ஆண்டு ஆட்சியில் ஒரே ஒருவர்!

இன்னொரு பக்கம், கிரேக்க உலகத்திலும் அவர்கள் புதுப் பணக்காரர்கள். ஏதென்ஸுக்குப் பாரம்பரியம் இருந்தது. அலெக்சாண்ட்ரியாவில் கட்டடங்களில் இன்னும் ஈரம்கூடக் காயவில்லை. பெருமையை விலைக்கு வாங்க வேண்டியிருந்தது. பணம்? நைல் நதிக்கரை விவசாயிகளின் கோதுமையும் வரியும் இருக்கவே இருந்தன.

இப்படித்தான் கி.மு. 3-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘மூசேயான்’ உருவானது. கலைத் தேவதைகளான மியூஸ்களின் கோயில் என்று பொருள். இன்று நாம் சொல்லும் ‘மியூசியம்’ என்ற சொல்லின் மூலம் அதுதான். ஆனால் அங்கே பொருட்களைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கவில்லை. அறிஞர்களை வைத்தார்கள்.

சம்பளம், சாப்பாடு, வரிவிலக்கு

மூசேயான் அரண்மனை வளாகத்தின் ஒரு பகுதி. நடைபாதை, உட்கார்ந்து பேச மண்டபம், எல்லோரும் சேர்ந்து சாப்பிடப் பெரிய கூடம். கி.மு. முதல் நூற்றாண்டின் கடைசியில் அங்கே இருந்த புவியியலாளர் ஸ்ட்ராபோ இதையெல்லாம் எழுதியிருக்கிறார். அறிஞர்களுக்கு அரசு உதவித்தொகை, இலவச உணவு, வரிவிலக்கு. பாடம் நடத்தியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இன்றைய பிஎச்.டி. மாணவர்கள் கேட்டால் பொறாமைப்படுவார்கள்.

ஆனால் ஒரு விஷயம். மூசேயானின் தலைமைப் பூசாரியை நியமிப்பவர் அரசர். நூலகத் தலைவரும் அரசர் தேர்ந்தெடுக்கும் ஆள்தான், பல நேரங்களில் இளவரசருக்கும் அவரே ஆசிரியர். நூலகம் அரண்மனையின் உள்ளே இருந்தது. கோதுமை விளைவித்த எகிப்திய விவசாயிக்கு அது திறந்திருக்கவில்லை.

கப்பலில் இருந்து பிடுங்கிய புத்தகங்கள்

உலகின் எல்லா நூல்களையும் சேர்க்க வேண்டும் என்பது தாலமிகளின் வெறி. எப்படிச் சேர்த்தார்கள்? மருத்துவ அறிஞர் கேலன் பிற்காலத்தில் பதிவு செய்த இரண்டு சம்பவங்கள் போதும்.

முதலாவது: துறைமுகத்துக்கு வரும் கப்பல்களில் சோதனை. தங்கத்துக்காக அல்ல, புத்தகத்துக்காக. சிக்கும் சுருள்களைப் பறிமுதல் செய்து நகல் எடுப்பார்கள். உரிமையாளருக்கு நகல், நூலகத்துக்கு அசல். அந்தச் சுருள்களுக்கு ‘கப்பல்களில் இருந்து வந்தவை’ என்று தனி அடையாளமே இருந்தது.

இரண்டாவது: ஈஸ்கிலஸ், சோஃபோகிளிஸ், யூரிப்பிடிஸ் ஆகியோருடைய நாடகங்களின் அரசுப் பிரதிகள் ஏதென்ஸில் பாதுகாக்கப்பட்டன. மூன்றாம் தாலமி அவற்றைக் கடனாகக் கேட்டார். ஏதென்ஸ் நம்பவில்லை, 15 டாலண்ட் வெள்ளியை முன்பணமாகக் கேட்டது. கட்டினார். பிறகு? அருமையான நகல்களைத் தயாரித்து ஏதென்ஸுக்கு அனுப்பிவிட்டு, அசலை வைத்துக்கொண்டார். முன்பணம் போனால் போகட்டும் என்று விட்டுவிட்டார்.

மொத்தம் எத்தனை சுருள்கள் சேர்ந்தன? பழைய நூல்கள் 40,000-ல் இருந்து 7 லட்சம் வரை இஷ்டத்துக்குச் சொல்கின்றன. பெரிய எண்ணிக்கைகளை இன்றைய வரலாற்றாளர்கள் பலர் நம்புவதில்லை. ஒரு நூலே பல சுருள்களில் அடங்கும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

அங்கே அப்படி என்னதான் நடந்தது?

சேர்ப்பது ஒரு பங்கு வேலை என்றால், தேடி எடுப்பது மீதி வேலை. கவிஞர் கலிமாகஸ் இதற்காக ‘பினாகஸ்’ என்ற அட்டவணையைத் தயாரித்தார். எழுதியவர் யார், எந்த ஊர், யாரிடம் படித்தார், என்னென்ன எழுதினார், முதல் வரி என்ன என்று வகை பிரித்த பட்டியல். அட்டவணை மட்டுமே 120 சுருள்கள். கூகுளுக்கு 2,200 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு ‘சர்ச்’ முயற்சி.

நூலகத் தலைவராக இருந்த எரடோஸ்தனிஸ் பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டார். தெற்கே சயீனி நகரில் (இன்றைய அஸ்வான்) கோடையின் மிக நீண்ட பகலில், உச்சிவேளையில் சூரியன் நேர் தலைக்கு மேல் நிற்கும். கிணற்றின் அடி வரை வெளிச்சம் விழும். அதே நேரத்தில் அலெக்சாண்ட்ரியாவில் நட்டுவைத்த குச்சிக்கு நிழல் இருக்கும். அந்தக் கோணம் முழு வட்டத்தில் 50-ல் ஒரு பங்கு. இரு ஊர்களுக்கும் இடையே 5,000 ஸ்டேடியா தூரம். எனவே பூமியின் சுற்றளவு 2,50,000 ஸ்டேடியா. ஒரு ஸ்டேடியா எத்தனை மீட்டர் என்பதில் விவாதம் உண்டு. எந்த அளவை எடுத்தாலும், ஒரு குச்சி, ஒரு நிழல், ஒரு பெருக்கல் கணக்கை வைத்து இன்றைய 40,000 கி.மீ. என்ற அளவின் பக்கத்தில் அவர் போயிருந்தார்.

அந்த 5,000 ஸ்டேடியா தூரம் எங்கிருந்து கிடைத்தது? அரசரின் நில அளவையாளர்கள் கொடுத்தது என்கிறார் மார்ஷியானஸ் கபெல்லா என்ற பிற்கால எழுத்தாளர். எகிப்தில் நிலத்தை அளப்பது வரி போடுவதற்காக. உலகத்தை அளந்த கணக்குக்குள்ளும் வரித்துறையின் கயிறு இருக்கிறது.

போருக்கும் இதே கதைதான். கல்லெறியும் கவண்பொறிகளைப் பெரிதாக்குவதற்கான அளவுகளைப் பல சோதனைகள் மூலம் கண்டுபிடித்தவர்கள் அலெக்சாண்ட்ரியாவின் பொறியாளர்கள். புகழ் விரும்பிய அரசர்கள் தாராளமாகச் செலவு செய்ததால்தான் அது முடிந்தது என்கிறார் பைசாண்டியத்தைச் சேர்ந்த ஃபிலோ. கனசதுரத்தை இரட்டிப்பாக்கும் வடிவியல் புதிருக்கு எரடோஸ்தனிஸ் ஒரு கருவி செய்தார். அதை மூன்றாம் தாலமிக்கு விளக்கும் கடிதத்தில், கவண்பொறியைப் பெரிதாக்கவும் இது உதவும் என்று சொல்லப்பட்டிருக்கிறது. ஆராய்ச்சிக்கு நிதி கேட்கும்போது ராணுவப் பயன்பாட்டையும் ஒரு வரி சேர்ப்பது புதுப் பழக்கம் இல்லை.

இருண்ட பக்கமும் உண்டு. மூளைதான் அறிவின் இருப்பிடம் என்று உடல்களை அறுத்துப் பார்த்து நிறுவியவர் மருத்துவர் ஹீரோஃபிலஸ். மனித உடலை அறுப்பது அந்தக் காலக் கிரேக்க உலகில் நினைத்தே பார்க்க முடியாதது. இங்கே அரசர் அனுமதித்தார். சிறையில் இருந்து அரசர்கள் அனுப்பிய குற்றவாளிகளை உயிரோடு இருக்கும்போதே அறுத்தார்கள் என்று ரோமானிய எழுத்தாளர் செல்சஸ் குறிப்பிடுகிறார். அது உண்மையா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை.

யானைக்குக் கட்டிய துறைமுகம், மிளகுக்குப் பயன்பட்ட கதை

இந்தக் கதை தமிழ் மண்ணைத் தொடும் இடமும் படையெடுப்பில் இருந்துதான் ஆரம்பிக்கிறது.

தாலமிகளின் பரம எதிரி சிரியாவை ஆண்ட செலூசிட் வம்சம். அவர்களிடம் இந்திய யானைகள் இருந்தன. எகிப்துக்கு அந்த வழி அடைபட்டிருந்ததால், தாலமிகள் ஆப்பிரிக்க யானைகளைப் பிடிக்க ஆட்களை அனுப்பினார்கள். யானைகளைக் கப்பலில் கொண்டுவர செங்கடல் கரையில் பெரனிகே போன்ற துறைமுகங்கள் உருவாகின. கி.மு. 217-ல் ராஃபியா போரில் இரு தரப்பு யானைகளும் நேருக்கு நேர் மோதின.

கி.மு. 30-ல் கிளியோபாட்ராவின் மரணத்தோடு எகிப்து ரோம் வசம் போனது. யானைத் துறைமுகங்கள் இப்போது இந்திய வணிகத்தின் வாசல்கள். செங்கடலின் மியோஸ் ஹோர்மோஸ் துறைமுகத்தில் இருந்து ஆண்டுக்கு 120 கப்பல்கள் வரை இந்தியாவுக்குப் போனதாக ஸ்ட்ராபோ எழுதுகிறார்.

அந்தத் துறைமுகங்களைத் தோண்டிய தொல்லியலாளர்களுக்கு என்ன கிடைத்தது தெரியுமா? பெரனிகேயில் இருந்த கோயிலில், இந்தியாவில் செய்த பெரிய ஜாடி நிறைய ஏழரை கிலோ கருமிளகு. அங்கேயே ‘கொற்ற’ என்ற பெயர் தமிழ் பிராமியில் பொறித்த பானை ஓடு. மியோஸ் ஹோர்மோஸ் இருந்த இடத்தில் ‘கணன்’, ‘சாதன்’ ஆகிய பெயர்களும், ‘பானை உறி’ என்று பொருள்படும் எழுத்துகளும் பொறித்த ஓடுகள். யாரோ ஒரு சாத்தனும் கணனும் அந்தப் பாலைவனக் கரையில் தங்கள் சாமான்களுக்குப் பெயர் எழுதி வைத்திருக்கிறார்கள்.

வியன்னாவில் உள்ள ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் ஒரு கிழிந்த பாப்பிரஸ் தாள் இருக்கிறது. கி.பி. 2-ம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதன் ஒரு பக்கத்தில், சேர நாட்டு முசிறிப் பயணத்துக்கான கடன் ஒப்பந்தம் குறிப்பிடப்படுகிறது: சரக்கு செங்கடல் துறைமுகத்தில் இறங்கியதும் ஒட்டகத்தில் கோப்டோஸ், அங்கிருந்து நைல் நதிப் படகில் அலெக்சாண்ட்ரியா, அங்கே சுங்கக் கிடங்கு. சுங்கம் 25 சதவீதம்! மறுபக்கத்தில் ‘ஹெர்மபோலோன்’ என்ற கப்பலின் சரக்குக் கணக்கு: 60 பெட்டி கங்கைக்கரை சடாமாஞ்சி, யானைத் தந்தம். மதிப்பு கிட்டத்தட்ட 70 லட்சம் செஸ்டர்ஸ். ரோமானிய செனட் உறுப்பினராக இருக்கத் தேவையான சொத்தே 10 லட்சம்தான்.

சரக்கோடு தகவலும் போனது. அதே 2-ம் நூற்றாண்டில் அலெக்சாண்ட்ரியாவில் வாழ்ந்த வானியலாளர் கிளாடியஸ் தாலமி (பெயர்தான் ஒன்று, அரச வம்சம் இல்லை) தன் ‘புவியியல்’ நூலில் முசிறியையும், பாண்டியரின் தலைநகரான மதுரையையும், காவிரியையும் இடம் குறித்து எழுதினார். நூலகத்தில் உட்கார்ந்தபடியே அவருக்கு மதுரை தெரிந்ததற்குக் காரணம், துறைமுகத்தில் இறங்கிய மாலுமிகளும் வணிகர்களும் சுமந்து வந்த தகவல்கள்.

சரி, எரித்தது யார்?

இப்போது ரீல்ஸ் சொல்லும் மூன்று சந்தேக நபர்களையும் விசாரிக்கலாம்.

ஜூலியஸ் சீசர், கி.மு. 48. கிளியோபாட்ராவுக்கும் அவருடைய தம்பிக்கும் நடந்த வாரிசுச் சண்டையில் தலையிட்ட சீசர், அரண்மனைப் பகுதியில் முற்றுகையில் சிக்கினார். துறைமுகத்தில் நின்ற கப்பல்களுக்குத் தீ வைத்தார். தீ கரைக்குப் பரவியது. 40,000 சுருள்கள் எரிந்ததாக செனிகா சொல்கிறார். நூலகமே போனது என்கிறார் புளூட்டார்க். கரையோரக் கிடங்குகளில் தானியமும் புத்தகங்களும் எரிந்தன என்கிறார் வரலாற்றாளர் டியோ. ஆனால் சில பத்தாண்டுகளுக்குப் பிறகு வந்த ஸ்ட்ராபோ மூசேயான் இயங்குவதைப் பார்த்திருக்கிறார். ரோமானியப் பேரரசர் கிளாடியஸ் அதை விரிவாக்கவும் செய்தார். ஆக, சேதம் உண்மை. மொத்த அழிவு இல்லை.

கிறிஸ்தவ கும்பல், கி.பி. 391. ஆயர் தியோஃபிலஸ் காலத்தில் செராபிஸ் கோயில் தகர்க்கப்பட்டது. அந்தக் கோயிலில் ஒரு காலத்தில் கிளை நூலகம் இருந்தது. ஆனால் கோயில் இடிப்பை விவரிக்கும் அந்தக் கால எழுத்தாளர்கள் புத்தகங்கள் எரிந்ததாகச் சொல்லவில்லை. அங்கிருந்த நூலகங்களைப் பற்றி அதற்குச் சில ஆண்டுகள் முன்பே எழுதிய அமியானஸ், ‘இருந்தன’ என்று இறந்த காலத்தில்தான் குறிப்பிடுகிறார். கி.பி. 415-ல் கணித அறிஞர் ஹைபேஷியாவை ஒரு கும்பல் கொடூரமாகக் கொன்றது மறுக்க முடியாத வரலாறு. ஆளுநருக்கும் ஆயருக்கும் நடந்த அதிகாரப் போட்டியில் பலியானவர் அவர். நூலக எரிப்போடு அந்தக் கொலையை இணைப்பது சினிமா பாணி திரைக்கதை.

கலீஃபா உமர், கி.பி. 642. ‘குர்ஆனோடு ஒத்துப்போனால் இந்த நூல்கள் தேவையில்லை, முரண்பட்டால் ஆபத்து’ என்று சொல்லி எரிக்க உத்தரவிட்டார். நகரத்தின் 4,000 குளியல் கூடங்களுக்கு ஆறு மாதம் விறகானது என்பது கதை. இந்தக் கதை முதன்முதலில் எழுத்தில் தெரிய வருவது, சம்பவம் நடந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு 550 ஆண்டுகளுக்கும் மேல் கழித்து. அரபுப் படையெடுப்பை விரிவாக எழுதிய 7-ம் நூற்றாண்டு எகிப்திய ஆயர் ஜான் (நிகியு நகரத்தவர்) இப்படி ஒன்றைச் சொல்லவே இல்லை. அரேபியர்களைப் புகழ அவருக்கு எந்தக் காரணமும் கிடையாது. இன்றைய வரலாற்றாளர்கள் இந்தக் கதையை ஏற்பதில்லை.

பிறகு எப்படித்தான் போனது?

மெதுவாக. யாரும் வீடியோ எடுக்க நினைக்காத அளவுக்கு மெதுவாக.

முதல் அடி சீசருக்கு 97 ஆண்டுகள் முன்பே விழுந்தது. கி.மு. 145-ல் ஆட்சிக்கு வந்த எட்டாம் தாலமி, வாரிசுச் சண்டையில் தன்னை ஆதரிக்காதவர்களைப் பழிவாங்கினார். அறிஞர்கள் கூட்டம் கூட்டமாக நகரத்தை விட்டு ஓடினார்கள். ஹோமரின் காவியங்களைச் செம்மைப்படுத்திய நூலகத் தலைவர் அரிஸ்டார்கஸ் சைப்ரஸில் இறந்தார். அடுத்து நூலகத் தலைவர் பட்டியலில் வரும் பெயர் கைடாஸ். அவருடைய தகுதி? ‘ஈட்டிப்படையைச் சேர்ந்தவர்’ என்கிறது எகிப்தில் கிடைத்த ஒரு பாப்பிரஸ். எரடோஸ்தனிஸ் உட்கார்ந்த நாற்காலியில் அரண்மனைக் காவலர்!

ஒரு சுவடிகூட எரியாமலே நூலகம் சாக ஆரம்பித்தது அன்றுதான்.

அதன் பிறகு:

• கி.பி. 215: தன்னைக் கேலி செய்த நகரத்து மக்களைப் பேரரசர் கரகல்லா படுகொலை செய்தார். அரிஸ்டாட்டில் மரபு தத்துவவாதிகளுக்கு இருந்த பொது உணவுச் சலுகையை ரத்து செய்தார்.

• கி.பி. 270-கள்: பால்மைரா அரசி ஜெனோபியா எகிப்தைப் பிடிக்க, பேரரசர் ஆரேலியன் அதை மீட்க, நடுவில் அரண்மனை இருந்த புரூக்கியான் பகுதி நாசமானது. பழைய நூலகம் ஏதாவது மிச்சம் இருந்திருந்தால் அங்கேதான் இருந்திருக்கும்.

• கி.பி. 297-98: கிளர்ச்சியை அடக்கப் பேரரசர் டயோக்ளீஷியன் பல மாதம் முற்றுகை.

• கி.பி. 365: கடல்கோள் நகரத்தைத் தாக்கியது.

இது எதுவுமே நடக்காமல் இருந்திருந்தாலும் ஒரு எதிரி இருந்தது: கடற்கரை ஈரம். நம் ஊர் ஓலைச்சுவடி மாதிரிதான் பாப்பிரஸும். சில தலைமுறைக்கு ஒருமுறை நகல் எடுத்தால்தான் நூல் பிழைக்கும். நகல் எடுக்க ஆள் வேண்டும். ஆளுக்குச் சம்பளம் வேண்டும். சம்பளம் தர ஆர்வம் உள்ள அரசு வேண்டும். மூன்றில் ஒன்று நின்றால் போதும். தீயே தேவையில்லை.

அரசரின் பெருமைக்காகப் பிறந்த நூலகம், அடுத்த அரசருக்கு அந்தப் பெருமை தேவைப்படாதபோது அநாதையானது. அதைத் தங்களுடையது என்று சொல்லிக் காப்பாற்ற, வெளியே ஒரு மக்கள் கூட்டம் இல்லை.

அப்படியானால் எதுவுமே மிஞ்சவில்லையா?

மிஞ்சியது. வேறு ஊர்களில்.

யூக்ளிட்டின் ‘மூலங்கள்’ வடிவியல் நூலும், கிளாடியஸ் தாலமியின் வானியல் நூலும் நமக்குக் கிடைத்ததற்குக் காரணம், அவற்றை யாரோ எப்போதோ நகல் எடுத்து வேறு நகரத்துக்குக் கொண்டுபோனதுதான். 9-ம் நூற்றாண்டு பாக்தாத்தில் அவை அரபியில் மொழிபெயர்க்கப்பட்டன. தாலமியின் நூலை உலகம் இன்றும் ‘அல்மஜெஸ்ட்’ என்ற அரபு வழிப் பெயரில்தான் அழைக்கிறது. நூலகத்தை எரித்ததாக எந்த நாகரிகத்தின் மேல் பழி போடுகிறார்களோ, அலெக்சாண்ட்ரியாவின் அறிவைச் சுமந்ததில் அந்த நாகரிகத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

கலிமாகஸின் 120 சுருள் அட்டவணை? போதுமான நகல்கள் இல்லை. இன்று சில துணுக்குகள்தான் மிச்சம்.

நகரத்திலும் படிப்பு உடனே நின்றுவிடவில்லை. கோம் எல்-டிக்கா என்ற பகுதியில் போலந்து தொல்லியலாளர்கள் சுமார் 20 வகுப்பறைகளைக் கண்டெடுத்திருக்கிறார்கள். குதிரைலாட வடிவில் படிக்கட்டு இருக்கைகள், நடுவில் ஆசிரியருக்கு உயர்ந்த இடம். ஹைபேஷியாவின் கொலைக்குப் பிறகும், 5 முதல் 7-ம் நூற்றாண்டு வரை அங்கே பாடம் நடந்திருக்கிறது.

1801: மறுபடியும் அதே நகரம், அதே கதை

படையும் படிப்பும் கைகோத்து இந்த நகரத்துக்குள் இன்னொரு முறை வந்தன. 1798-ல் நெப்போலியன் அலெக்சாண்ட்ரியா அருகே தரையிறங்கியபோது, படைவீரர்களோடு சுமார் 150 அறிஞர்களும் வந்தார்கள். அடுத்த ஆண்டு, கிழக்கே ரஷீத் நகரில் ரொசெட்டா கல் கிடைத்தது. தாலமி அரசர் ஒருவரின் ஆணையை எகிப்திய, கிரேக்க எழுத்துகளில் பொறித்த கல். எகிப்திய சித்திர எழுத்தைப் படிக்க உதவிய சாவி அதுதான்.

1801-ல் பிரெஞ்சுப் படை ஆங்கிலேயரிடம் சரணடைந்தது. கையெழுத்தான இடம் அலெக்சாண்ட்ரியா. அறிஞர்கள் சேகரித்த எல்லாவற்றையும் ஒப்படைக்கச் சொன்னது ஆங்கிலேயத் தரப்பு. இயற்கை ஆய்வாளர் ஜெஃப்ராய் செயின்ட் ஹிலேர் கொதித்துப்போனார். கொடுப்பதற்குப் பதில் நாங்களே எரித்துவிடுவோம். அலெக்சாண்ட்ரியாவில் இன்னொரு நூலகத்தை எரித்த பழி உங்களுக்கு வரும் என்று மிரட்டியதாகப் பதிவு இருக்கிறது. மிரட்டல் வேலை செய்தது. குறிப்புகளும் சேகரிப்புகளும் பாரிஸுக்குப் போயின. ரொசெட்டா கல் லண்டனுக்குப் போனது. 1802 முதல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கப்பலில் வந்த அசலைப் பிடுங்கி வைத்துக்கொண்ட நகரத்தில் இருந்து, இந்த முறை அசல் கப்பலேறிப் போனது. அந்தக் கல் கிடைத்த மண்ணின் மக்களிடம் இரண்டு தரப்பும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

2011: கைகோத்து நின்றவர்கள்

பழைய அரண்மனைப் பகுதிக்குப் பக்கத்தில், யுனெஸ்கோ ஆதரவோடு எகிப்து அரசு கட்டிய ‘பிப்ளியோதெக்கா அலெக்சாண்ட்ரினா’ என்ற புதிய நூலகம் 2002 அக்டோபரில் திறக்கப்பட்டது. கடலைப் பார்த்துச் சாய்ந்த வட்ட வடிவக் கூரை. வெளிச்சுவரில் உலகின் பல எழுத்து வடிவங்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. இன்டர்நெட் ஆவணக் காப்பகத்தின் நகல் ஒன்றும் அங்கே வைக்கப்பட்டது. ஒரே இடத்தில் எல்லாவற்றையும் வைக்கக் கூடாது என்ற பாடத்தை இந்த நகரத்தை விட நன்றாக யார் கற்றிருக்க முடியும்?

2011 ஜனவரியில் ஹோஸ்னி முபாரக் ஆட்சிக்கு எதிரான போராட்டம் வெடித்தது. அலெக்சாண்ட்ரியா தெருக்களில் கலவரம். அரசுக் கட்டடங்களுக்குத் தீ. நூலகமும் ஒரு அரசுக் கட்டடம்தான். போராட்டக் கூட்டம் அந்த வழியாகத்தான் போனது. அப்போது இளைஞர்கள் சிலர் ஊழியர்களோடு சேர்ந்து கைகோத்து, கட்டடத்தைச் சுற்றி மனிதச் சங்கிலியாக நின்றார்கள். நூலகத்தின் ஒரு கண்ணாடிகூட உடையவில்லை என்று அதன் நிர்வாகம் பிறகு தெரிவித்தது.

பழைய நூலகத்திடம் அரசரின் பணம் இருந்தது, அறிஞர்கள் இருந்தார்கள், லட்சக்கணக்கில் சுருள்கள் இருந்ததாகச் சொல்கிறார்கள். வாசலில் இப்படிக் கைகோத்து நிற்க மட்டும் யாரும் இல்லை.

அடுத்த முறை அந்த ரீல்ஸ் வந்தால், கடைசி ஸ்லைடில் வில்லன் யார் என்று பார்ப்பதோடு இன்னொன்றையும் யோசிக்கலாம். உங்கள் ஊர்க் கிளை நூலகம் இந்த வாரம் எத்தனை மணிக்குத் திறக்கிறது?